நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், 35 ரேடியேஷன்: வீட்டில் எதை, எப்போது, எவ்வளவு செய்ய வேண்டும்?

கரையோரம் – கேள்வி

வணக்கம். அப்பாவுக்கு 58 வயது, எடை 60 கிலோ. நாக்கின் அடிப்பகுதியில், தொண்டையை ஒட்டிய இடத்தில், புற்றுநோய். ஆபரேஷன் இல்லை. 7 வாரத்தில் 35 முறை ரேடியேஷன், மொத்தம் 70 கிரே (கதிர் அளவு), கூடவே வாரத்துக்கு ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ. தொடங்க இன்னும் 16 நாள் இருக்கிறது.

சிகிச்சையை டாக்டர்கள் விளக்கமாகவே சொல்லிவிட்டார்கள். வீட்டில் செய்ய வேண்டியதுதான் எங்களுக்குத் தெளிவாகவில்லை. "வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எத்தனை மணிக்கு ஒருமுறை, எதில் எவ்வளவு, எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு ஓட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. குறிப்பாக:

1. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கச் சொல்கிறார் பல் மருத்துவர். இப்போது அவற்றில் வலியே இல்லை. சிகிச்சை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாமா?

2. வாய் கொப்பளிக்க எந்தக் கரைசல், எத்தனை தடவை?

3. வயிற்றில் துளையிட்டு நேராக உணவு கொடுக்கும் பெக் குழாயை முன்கூட்டியே போடலாம் என்கிறார்கள். போட்டால் வாயால் சாப்பிடுவதையே விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

4. தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருப்பவர். எதை அவரிடமே விடலாம், எதை நாங்கள் கவனிக்க வேண்டும்?

---

வேப்பநிழல் – ரேடியேஷன் வார்டு நர்ஸ்

வணக்கம் சகோதரி. முதலில் பல். நாள் ஓடிக்கொண்டிருப்பது அதற்குத்தான்.

பல் பிடுங்கிய குழி ஆறக் குறைந்தது 2 வாரம் விடுவார்கள். உங்களிடம் 16 நாள் இருக்கிறது என்றால், நாளையோ மறுநாளோ பிடுங்கியாக வேண்டும். "வலியில்லையே" என்று தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. 70 கிரே வாங்கிய தாடை எலும்பில் ரத்த ஓட்டம் நிரந்தரமாகக் குறைந்துவிடும். அதன்பின் பிடுங்கினால் குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்து, அந்த எலும்பே செத்துப்போகலாம். 5 வருடம் கழித்துப் பிடுங்கினாலும் இந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதிக்கு இது இன்னும் அதிகம். பிடுங்கியபின் முகம் வீங்கினால், தலையை அசையாமல் பிடிக்கும் ரேடியேஷன் முகமூடி பொருந்தாமல் போகும் என்பதால், எந்த நாளில் பிடுங்குகிறீர்கள் என்பதை ரேடியேஷன் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மீதிப் பற்களுக்கு ஃபுளோரைடு. பல் மருத்துவரிடம் அச்செடுத்து ட்ரே செய்துகொள்ளுங்கள். 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல், அமிலம் கலக்காத வகை. இரவு பல் துலக்கியபின் ட்ரேயில் மெல்லிய கோடு போல இட்டு 5 நிமிடம் கடித்து வைத்திருந்து துப்பிவிட வேண்டும். அடுத்த 30 நிமிடம் தண்ணீர்கூடக் கூடாது. வாய்ப் புண் கடுமையாகும் வாரங்களில் ட்ரே வைக்க முடியாது; அப்போது விட்டுவிட்டு, ஆறியதும் மீண்டும் தொடங்கலாம். எச்சில் குறைவது தொடரும்வரை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க, இது வேண்டும். எச்சில் வற்றிய வாயில் சொத்தை ஈறோரமாகச் சுற்றிலும் அரித்துக்கொண்டு வரும், பல் அப்படியே ஒடிந்து விழும்.

கொப்பளிக்கும் கரைசல்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன். இரண்டும் தலை தட்டி. காலையில் கலந்தது மறுநாள் காலைக்கு ஆகாது, கொட்டிவிடுங்கள். ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வாயெல்லாம் சுழற்றித் துப்ப வேண்டும்; ஒரு தடவைக்கு இப்படி மூன்று நான்கு வாய். விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 மணிக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கட்டாயம். புண் வந்தபின் எரிந்தால் உப்பைப் பாதியாக்குங்கள், சோடாவைக் குறைக்க வேண்டாம். அந்தப் பசை போன்ற சளியைத் தளர்த்துவது சோடாதான். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். முதல் வாரம் அப்பாவுக்கு ஒன்றுமே இருக்காது, "எதற்கு இதெல்லாம்" என்பார். இரண்டாம் வாரக் கடைசியில் வாய் சிவக்கும், மூன்றாம் வாரத்தில் புண் வரும், அதன்பின் ஏறிக்கொண்டே போகும். பலரும் கவனிக்கத் தவறுவது இது: ரேடியேஷன் முடிந்த நாளில் வலி இறங்காது. அதற்குப் பிந்தைய ஒன்றிரண்டு வாரம்தான் உச்சம். எல்லாம் முடிந்தது என்று மருந்தையும் கொப்பளிப்பதையும் விடுகிறவர்கள் அந்த வாரத்தில்தான் நீரிழப்போடு அட்மிட் ஆகிறார்கள்.

வலி மருந்தை வலி வந்தபின் தேடாமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். திரவ மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். நாலு நாள் கட்டிய பிறகு தொடங்கினால் இரட்டை வேதனை. மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் கொப்பளிப்பான் 2 சதவீதம் என்றால், ஒரு தடவைக்கு 15 மி.லி.க்கு மேல் வேண்டாம், 3 மணி நேர இடைவெளி வேண்டும். தொண்டை மரத்த நிலையில் சாப்பிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடட்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. சிஸ்பிளாட்டினும் அவையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத்தான் அடி.

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டு வந்து, துடைத்தால் உரிந்து அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சை. வழக்கமான புண் என்று விட்டுவிடாதீர்கள். திடீரென்று ஒரே நாளில் எரிச்சல் கூடினாலும் இதைச் சந்தேகிக்கலாம். மருந்து கொடுத்தால் சில நாளில் அடங்கிவிடும்.

கழுத்துத் தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத மென்மையான சோப்பு. ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வார்டில் சொல்லும் வாசனையில்லாத க்ரீமை நாளுக்கு 2, 3 முறை தடவலாம். மெஷினில் படுக்கும் நேரத்தில் தோலில் தடிமனாகப் படிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ப்ளேடு ஷேவிங் வேண்டாம், எலெக்ட்ரிக் ஷேவர் சரி. காலர் இல்லாத சட்டை.

புகையிலை இருந்தால், எந்த வடிவத்தில் இருந்தாலும், இன்றோடு நிறுத்த வேண்டும். சிகிச்சை நடக்கும்போது புகைத்தால் ரேடியேஷன் வேலை செய்வதே குறைகிறது, புண்ணும் ஆறாது. அவருக்கு முடியவில்லையென்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லட்டும், அதற்கும் மருந்து இருக்கிறது.

---

ஒலிச்சுவடு – பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர்

நர்ஸ் சொன்னதோடு நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்: வாய் திறப்பது, விழுங்குவது. இவை இரண்டும் சத்தமில்லாமல் போகும். புண் கண்ணுக்குத் தெரியும், வலி தெரியும். தாடை தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது யாருக்கும் தெரியாது. தெரியும்போது ஸ்பூன் உள்ளே போகாது. உங்கள் நாலாவது கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. அப்பாவிடமே முழுசாக விட வேண்டியவை இவை இரண்டும்தான், ஏனென்றால் அவருக்காக வேறு யாரும் விழுங்க முடியாது.

ஒரு சின்ன ப்ளாஸ்டிக் ஸ்கேல் வாங்குங்கள். முனையிலேயே பூஜ்யம் தொடங்கும் ஸ்கேலாக இருக்க வேண்டும்; சில ஸ்கேல்களில் 5 மி.மீ. தள்ளித்தான் கோடு ஆரம்பிக்கும், அதைப் பூஜ்யக் கோடு வரை வெட்டிவிடுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து, முடிந்தவரை வாயைத் திறந்து, கீழ் முன்பல்லின் விளிம்பில் ஸ்கேலின் முனையை நிறுத்தி, மேல் முன்பல்லின் விளிம்பு எந்தக் கோட்டில் படுகிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் அதே இரண்டு பற்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். பெரும்பாலோருக்கு 40 முதல் 50 வரை இருக்கும். 35 மி.மீ. அல்லது அதற்குக் கீழே வந்தால் தாடை இறுகிவிட்டது என்று கணக்கு. ஆனால் 35 வரை காத்திருக்க வேண்டாம். தொடக்க எண்ணிலிருந்து 5 குறைந்தாலே எங்களிடம் வாருங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் அளந்தால் போதும்.

பயிற்சி இப்படி. முதலில் மெதுவாகப் பத்து முறை திறந்து மூடுவது, தாடையை இடமும் வலமும் நகர்த்துவது, முன்னால் தள்ளுவது. அதன்பின் வாயைத் திறந்து, கட்டைவிரலை மேல் முன்பற்களிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் முன்பற்களிலும் கத்தரிக்கோல் போல வைத்து இன்னும் கொஞ்சம் விரித்து 30 விநாடி பிடிக்க வேண்டும். 5 முறை. நாளுக்கு 5 வேளை. வலி உச்சத்தில் இருக்கும் வாரங்களில் 2 வேளைதான் முடிகிறதென்றால் 2 வேளை, ஆனால் பூஜ்யம் ஆகக் கூடாது. இழுவை தெரிய வேண்டும், குத்தல் கூடாது. வெடுக்கென்று திறந்தால் தசை எதிர்த்து இறுகிக்கொள்ளும், பலன் தலைகீழ்.

எண் குறையத் தொடங்கியவர்களுக்கு டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளை அடுக்கி உபயோகிப்போம். ஒரு குச்சி ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 மி.மீ. தடிமன். நுழைகிற அளவு அடுக்கை வைத்து, நடுவில் ஒரு குச்சியை மட்டும் நீளவாக்கில் சொருகுவது. வாரக்கணக்கில்தான் ஒவ்வொரு குச்சியாகக் கூடும். ஆடும் பற்களில் இதை வைக்கக் கூடாது, பல்லோடு வரும். தாடை இறுகுவது சிகிச்சை முடிந்த முதல் ஒரு வருடத்தில்தான் அதிகம். ரேடியேஷன் முடிந்ததும் பயிற்சியை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

விழுங்கும் பயிற்சி, நாளுக்கு 2, 3 வேளை, ஒவ்வொன்றும் 10 முறை. ஒன்று, தொண்டைத் தசையெல்லாம் இறுக்கிப் பலமாக விழுங்குவது. இரண்டு, நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே மெல்லப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது. இதை வாயில் உணவோ தண்ணீரோ வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. மூன்று, விழுங்கும்போது மேலே எழும் குரல்வளை மேட்டை அப்படியே 2, 3 விநாடி மேலேயே நிறுத்திப் பிடிப்பது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் மேடு ஏறி நிற்பது கைக்குத் தெரியும். ரேடியேஷன் தொடங்கும் முன் பழகிவிட்டால் புண் வந்த பிறகும் செய்ய வரும். புண் வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்வது மிகக் கடினம். அதனால் இந்த 16 நாளில் பல் மருத்துவருக்கு அடுத்தபடி விழுங்கல் பயிற்சியாளரிடம் ஒரு முறை போய்விடுங்கள். வலி மருந்து வேலை செய்யும் நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், சாப்பிட்டு அரை மணி கழித்து, அல்லது சாப்பிடும் முன்.

குழாயைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. குழாய் வந்ததும் வாயை மூடிவிடுகிறவர்கள் உண்டு, அவர்கள்தான் பிறகு குழாயோடு மாட்டிக்கொள்கிறார்கள். வயிற்றை நிரப்புவது குழாய், தொண்டையை வேலை செய்ய வைப்பது வாய். இரண்டும் தனித்தனி வேலை. விழுங்குவது பாதுகாப்பாக இருக்கிறது என்று சோதனையில் தெரிகிற காலமெல்லாம் தினமும் ஏதாவது வாய் வழியே போக வேண்டும், ஒரு வேளைக்குச் சில ஸ்பூன் என்றாலும்.

---

கரையோரம்

அக்கா, நீங்கள் இருவரும் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பல்லுக்கு நாளை மறுநாள் நேரம் வாங்கியாகிவிட்டது. இப்போதே தண்ணீர் குடிக்கும்போது சில நேரம் லேசாக இருமுகிறார். திரவத்தைக் கெட்டியாக்கும் பவுடர் இருக்கிறதாமே, வாங்கிக் கொடுக்கலாமா?

---

ஒலிச்சுவடு

சோதிக்காமல் வேண்டாம். இருமல் என்றால் தண்ணீர் குரல்வளைக்குள் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்று தெரியாமல் கெட்டியாக்கினால், சிலருக்கு அது தொண்டையில் தேங்கி, விழுங்கிய பின்னால் மெல்ல உள்ளே வழியும். அது இன்னும் மோசம். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் திரவத்தைக் கொடுத்து, விழுங்குவதை ஓடும் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்றை ரேடியேஷன் தொடங்கும் முன்பே கேளுங்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்கினால் அவருக்குச் சரிவருமா, கெட்டி வேண்டுமா, எந்த அளவு கெட்டி என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ரேடியேஷன் வாங்கிய தொண்டையில் உணர்வு மங்கிவிடும். அப்போது உள்ளே போனாலும் இருமல் வராது. "இருமலே நின்றுவிட்டது, நல்லாயிடுச்சு" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. சாப்பிட்டபின் குரல் தண்ணீர் குழம்பியது போலக் கொழகொழவென்று கேட்பது, காரணம் தெரியாத லேசான காய்ச்சல், அடிக்கடி நெஞ்சுச் சளி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆவது, இவற்றைப் பாருங்கள். சாப்பிடும் முன்பும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே. சுத்தமான வாயிலிருந்து சிறிது தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அழுக்கு வாயிலிருந்து போகும் கிருமிதான் நிமோனியா ஆகிறது.

---

அளவுகோல் – உணவியல் நிபுணர்

60 கிலோவுக்குக் கணக்கு: கலோரி கிலோவுக்கு 30 முதல் 35, அதாவது நாளுக்கு 1800 முதல் 2100. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 72 முதல் 90 கிராம். நீர் ஏறத்தாழ 2 லிட்டர். கீமோ நாட்களில் டாக்டர் சொல்லும் அளவு கூடுதல்.

எடையை வாரம் இரண்டு நாள், அதே தராசில், காலையில், சிறுநீர் கழித்தபின் பாருங்கள். 3 கிலோ குறைந்தால் 5 சதவீதம் போய்விட்டது. அது ஒரு மாதத்துக்குள் நடந்தால் அவசரம். ஒரே வாரத்தில் 1 கிலோவுக்கு மேல் போனாலே எங்களுக்குச் சொல்லுங்கள். எடை இறங்கினால் ரேடியேஷன் முகமூடி தளர்கிறது, கதிர் குறி வைத்த இடம் நகர்கிறது, மறுபடியும் ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டி வரலாம். "கொஞ்சம் இளைச்சா என்ன" என்பதற்கு இதுதான் பதில்.

வாயால் சாப்பிடும் வரை, அளவைக் கூட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு வாயின் சத்தைக் கூட்டுவதுதான் வழி. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் கலந்தால் ஏறத்தாழ 120 கலோரி, 15 கிராம் பால் பவுடரில் ஏறத்தாழ 4, 5 கிராம் புரதம். 3 வேளைச் சாப்பாடு என்பதை மறந்து 6 முதல் 8 சிறு வேளை. சூடும் வேண்டாம், காரமும் புளிப்பும் வேண்டாம், மொறுமொறுப்பும் வேண்டாம். மூன்றாம் வாரம் சுவை போய்விடும், எல்லாம் அட்டை மாதிரி இருக்கும். பசிக்கும்வரை காத்திருக்காமல் மணி அடித்தால் சாப்பாடு என்று வைத்துக்கொள்ள வேண்டிய காலம் அது.

பெக் முன்கூட்டியே போடுவதா, தேவை வந்தபின் மூக்குக் குழாய் போடுவதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஏற்கெனவே இருமுகிறார், நாக்கின் அடியில் கட்டி, கூடவே கீமோ என்று பார்த்தால் உங்கள் டாக்டர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்கெனவே எடை இழந்திருந்தாலும் முன்கூட்டியே போடுவது நல்லது. விழுங்கல் சோதனை முடிவை வைத்து டாக்டரும் அப்பாவும் நீங்களும் பேசி முடிவெடுங்கள்.

போட்டுவிட்டால் நடைமுறை இதுதான். ஒரு மி.லி.க்கு 1.5 கலோரி அடர்த்தி கொண்ட திரவ உணவு 240 மி.லி. வீதம் 6 வேளை என்றால் 1440 மி.லி., 2160 கலோரி. அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் தண்ணீர், சுமார் 1080 மி.லி. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் 30, பின்னால் 30 மி.லி. தண்ணீர் விட்டால் 360. ஆக 1440. மீதி 500, 600 மி.லி.யை இடையிடையே தண்ணீராகவே விட வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் "உணவு முழுசாகப் போகிறது, ஆனாலும் தலைசுற்றல்" என்று வருகிறார்கள்.

உட்கார்ந்த நிலையில், ஒரு வேளையை 15, 20 நிமிடத்தில் சிரிஞ்சின் எடையிலேயே இறங்க விடுங்கள். அழுத்தித் தள்ளினால் குமட்டல், வாந்தி. முடிந்து ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துக் கரைத்து, இடையில் 15 மி.லி. தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். உணவோடு கலக்கக் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு டோஸும் ஒரேயடியாக இறங்கும். மார்ஃபினில் இது உயிருக்கே ஆபத்து. திரவ வடிவம் கேட்டு வாங்குங்கள்.

5 நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே உள்ளே போகாமல் இருந்துவிட்டால், வீட்டிலேயே முழு அளவைத் தொடங்காதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று விழுந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவமனையில் சோதித்து மெல்ல ஏற்ற வேண்டும்.

---

நடைவண்டி

குழாய் அடைத்துக்கொண்டால் கோலா மாதிரி குளிர்பானம் கொஞ்சம் விட்டு வைத்தால் கரைந்துவிடும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அதையும் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

---

அளவுகோல்

நண்பரே, அது வேண்டாம். குளிர்பானத்தில் இருப்பது அமிலம், உணவில் இருப்பது புரதம். அமிலம் பட்டால் புரதம் திரிந்து கட்டி இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீர்தான் முதல் வைத்தியம். 60 மி.லி. சிரிஞ்சை எடுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கும். முதலில் பின்னால் இழுத்து உள்ளே நிற்பதை வெளியே எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றி, முன்னும் பின்னுமாக மெல்லத் தள்ளி இழுங்கள். நகரவில்லையென்றால் க்ளாம்ப் போட்டு 20 நிமிடம் ஊற விட்டு மறுபடி. விரல் இடுக்கில் குழாயை உருட்டினால் கட்டி தளரும். கம்பி, ஊசி எதையும் நுழைக்கக் கூடாது. இரண்டு மூன்று சுற்றில் வரவில்லையென்றால் மருத்துவமனை.

பெக் குழாயின் துளையைத் தினமும் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். காயம் ஆறியபின், போட்டவர்கள் சொல்லும் நாளிலிருந்து, குழாயை 1, 2 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ள வேண்டும். செய்யாமல் விட்டால் உள்ளே இருக்கும் தட்டு வயிற்றுச் சுவருக்குள் புதைந்துவிடும். வெளித் தட்டு தோலை அழுத்தாமல் அரை செ.மீ. தளர்வாக இருக்கட்டும். குழாய் தோலை விட்டு வெளிவரும் இடத்து எண்ணை எழுதி வையுங்கள். அது மாறியிருந்தால் உணவு விடக் கூடாது. குழாயே வெளியே வந்துவிட்டால் உடனே ஓட வேண்டும், சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும். போட்டு 4 வாரம் ஆகாத குழாய் என்றால் வீட்டில் எதையும் திரும்ப நுழைக்கக் கூடாது, அது வயிற்றுக்கு வெளியே போய்விடும்.

---

மூச்சுத்தடம்

இது உங்கள் அப்பாவுக்கு இல்லை. குரல்வளையை நீக்கி, கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுபவர்களும் இங்கே வருவார்கள் என்பதால் சுருக்கமாக. மூச்சுக்காற்று காயாமலிருக்கக் கழுத்துத் துளையில் வைக்கும் ஈரப்பதக் கேசட்டைக் குறைந்தது 24 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழுவித் திரும்ப வைத்தால் ஈரம் பிடிக்கும் உப்பு போய்விடும், அதன்பின் அது வெறும் ப்ளாஸ்டிக். குரல் வர மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் பேச்சு வால்வை நாளுக்கு இரண்டு முறை ப்ரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் குடிக்கும்போது வால்வின் நடுவே கசிந்தால் பெரும்பாலும் பூஞ்சை படிந்து மூடி சரியாக மூடவில்லை. முதலில் சுத்தம் செய்து பாருங்கள், நிற்காவிட்டால் மாற்ற வேண்டும். வால்வைச் சுற்றிக் கசிந்தால் பெரும்பாலும் அளவு பொருந்தவில்லை, வீட்டில் தீராது. வால்வு விழுந்துவிட்டால் மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் கதீட்டர் குழாயை வால்வு இருந்த சின்னத் துளையில் சொருகி டேப் போட்டு ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். விழுந்த வால்வு கையில் கிடைக்கவில்லையென்றால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அதைச் சொல்லியாக வேண்டும். "கழுத்து வழியாக மட்டுமே மூச்சு, ஆக்சிஜனைக் கழுத்தில் வைக்கவும்" என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். அவசரத்தில் முகத்தில் மாஸ்க் போடுவதுதான் எல்லோருக்கும் கை பழகிய வேலை.

---

வேப்பநிழல்

எதற்கு ஓடுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டால் இரவு எத்தனை மணியானாலும் போக வேண்டும். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காலை வரை பொறுப்பது ஆபத்து. பாராசிட்டமால் கொடுக்கும் முன் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். வலிக்காகக் கொடுத்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம் கேட்டால் உடனே. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தால், சிறுநீர் வெகுவாகக் குறைந்து கறுத்தால், ஒரு நாள் முழுக்க உணவும் தண்ணீரும் எந்த வழியிலும் தங்காவிட்டால் அன்றே. காதில் புதிதாக இரைச்சல் என்றால் அடுத்த கீமோவுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அது சிஸ்பிளாட்டின் வேலை, போன கேட்கும் திறன் திரும்பாது, ஆனால் மருந்தை மாற்ற முடியும்.

வாயிலிருந்தோ கழுத்திலிருந்தோ புது ரத்தம், ஒரு ஸ்பூன் அளவு வந்து தானே நின்றுவிட்டாலும் போக வேண்டும். நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ரத்தக்குழாய் பலவீனமானால் சிறு கசிவு முன்னால் வந்து எச்சரிப்பதுண்டு.

அப்பா செய்வது: கொப்பளிப்பு, தாடை, விழுங்கல், ஃபுளோரைடு. நீங்கள் செய்வது: எடை, வெப்பம், உள்ளே போன மி.லி., வலி மருந்து கொடுத்த மணி, கடைசியாக மலம் போன நாள். ஒரே நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். டாக்டரிடம் போகும்போது "பரவாயில்லை" என்று அப்பா சொல்வார், நோட்டை நீட்டுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் மறக்கப்படுவது தைராய்டு. கழுத்துக்கு ரேடியேஷன் போனால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை வேண்டும், வருடக்கணக்கில். தைராய்டு குறைவதால் வரும் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாம் "சிகிச்சையின் களைப்பு" என்று தள்ளப்பட்டு ஒரு வருடம் போய்விடும். ஒரு மாத்திரையில் சரியாகும் விஷயம். தாடைக்கு அடியில் காலையில் மெத்தென்று வீங்கி மாலையில் வடிந்தால் அது நிணநீர்த் தேக்கம். கட்டி இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னபின், தலைமாட்டை உயர்த்திப் படுக்கவும், முறைப்படி நீவிவிடவும் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளலாம். முதலில் அக்குளையும் மார்பையும் நீவி வழி செய்துவிட்டுத்தான் கழுத்து. தோல் மட்டும் நகரும் அளவுக்கு மென்மையாக.

எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே என்ற சுருக்க அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் போகும் பல் மருத்துவருக்கும் அது வேண்டும்.

---

கரையோரம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விழுங்கல் சோதனைக்கும் எழுதி வாங்கிவிட்டோம். அப்பாவே இன்று கண்ணாடி முன் அளந்தார், 46 மி.மீ. நாளை பல் பிடுங்குகிறார்கள். பயிற்சியை நாளையே தொடங்கலாமா?

---

ஒலிச்சுவடு

46 நல்ல எண், நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். விழுங்கும் பயிற்சிகளை, அடைத்த பஞ்சை எடுத்து ரத்தம் நின்றபின் மறுநாள் தொடங்கலாம். விரல் வைத்து விரிக்கும் பயிற்சியை மட்டும் பல் மருத்துவர் குழியைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். அதுவரை தானாகத் திறந்து மூடினால் போதும். பிடுங்கிய சில நாள் வாய் 35, 38 வரைகூடத்தான் திறக்கும், பயப்பட வேண்டாம். முதல் ரேடியேஷனுக்கு முந்தைய நாள் மீண்டும் அளங்கள். அன்று 44க்குக் கீழே இருந்தால் வார்டுக்கு வரும்போது ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற யாராவது ஒருவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.